சூளாமணி விகாரமும் அதன் புரவலர்களும்

புரவலர் என்னும் சொல் தமிழில் புலவர் என்னும் சொல்லோடு இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. பாடுவோர்க்கு ஈந்து காப்பவர் புரவலர். கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் புரவலர் உண்டு. கட்டியவர் ஒருவராக இருப்பார். நிலம் ஈந்தவர் மற்றொருவராக இருப்பார். ஈந்ததை அழியாத எழுத்தில் ஏற்றியவர் வேறொருவராக இருப்பார். விளக்கிட்டவரும் படிமம் எடுத்தவரும் பெரும்பாலும் பெயர் தெரியாதவராகவே இருப்பர். சோழ நாட்டுக் கடற்கரையில் நாகப்பட்டினத்தில் எழுந்து பல நூற்றாண்டுகள் விளங்கிய சூளாமணி விகாரத்தின் வரலாறு இத்தகைய பலதிறப்பட்ட புரவலர்களின் வரலாறாகும். அவர்களுள் பௌத்தரும் சைவரும் இருந்தனர். தமிழரும் கடல்கடந்த நாட்டாரும் இருந்தனர். பேரரசரோடு பொற்கொல்லரும் இடம்பெற்றனர்.

இந்த விகாரம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைப் போலவே எவ்வாறு மறைந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. சமயப் பகையே பௌத்தத்தைத் தமிழகத்திலிருந்து அகற்றியது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உளர். நாகப்பட்டினத்துச் சான்றுகள் அவ்வளவு எளிய முடிவுக்கு இடந்தரவில்லை.

துறைமுகமும் துறவிகளும்

நாகப்பட்டினம் பௌத்தர்களுக்குப் புனிதமானதற்கு முதற்காரணம் அதன் துறைமுகமே. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்த இத்சிங், வூசிங் என்னும் துறவியின் பயணத்தைக் குறிப்பிடுகிறார். கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் கடலில் சென்று அவர் நாகப்பட்டினத்தை அடைந்தார். அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கையைச் சேர்ந்தார். புத்தரின் புனிதப் பல்லைத் தொழச் செல்வோருக்கும் வடக்கே நாலந்தாவை நாடுவோருக்கும் இத்துறை ஒரு தங்குமிடமாயிற்று.

பாலி மொழியில் உரைகள் பல எழுதிய ஆசாரிய தர்மபாலர் நெத்திப் பகரணத்துக்குத் தாம் வரைந்த உரையின் இறுதியில், நாகப்பட்டினத்தில் தர்மாசோக மகாராசர் பெயரால் விளங்கிய விகாரத்தில் தங்கி அதனை இயற்றியதாகக் குறித்துள்ளார். அசோகனே வந்து கட்டினான் என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும் சோழர் காலத்துக்கு நெடுநாள் முன்பே அவ்வூரில் ஒரு விகாரம் இருந்தது என்பதும், பேரரசன் ஒருவனைத் தன் புரவலனாக அது நினைவில் வைத்திருந்தது என்பதும் இதனால் பெறப்படும்.

அதே ஊர் சைவத்துக்கும் தலமாயிருந்தது. திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் நாகைக் காரோணத்தைப் பாடினர். வைணவ குருபரம்பரை நூல்களோ மற்றொரு செய்தியைக் கூறுகின்றன. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொற்புத்தர் படிமத்தைக் கவர்ந்து சென்று, அப்பொன்னைக் கொண்டு திருவரங்கத்தில் திருப்பணி செய்தார் என்பது அக்கதை. அது நடந்ததோ இல்லையோ, அக்கதையைச் சொன்னவர்களின் நினைவில் நாகப்பட்டினம் பொன்னால் புத்தரை வடிக்கும் செல்வம் படைத்த பௌத்த ஊராக இருந்தது என்பது தெளிவு.

கடாரத்து அரசர் எடுப்பித்த பள்ளி

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவை நடுவிடமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசு கடல்வணிகத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருந்தது. மலாக்கா நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் அதன் ஆணைக்கு உட்பட்டே சென்றன. மலாய் நாட்டின் கடாரமும் அதன் ஆட்சிக்குள் அடங்கியிருந்தது. சைலேந்திர குலத்தைச் சேர்ந்த சூளாமணிவர்மன் அந்நாட்டை ஆண்டான். அவன் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன். தன் தந்தையின் பெயரை நிலைநிறுத்த அம்மைந்தன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்ததே சூளாமணி விகாரம்.

அயல்நாட்டில் கோயில் எழுப்புவது ஸ்ரீவிஜய நாட்டார்க்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சுவர்ணத் தீபத்தின் அரசன் பாலபுத்திரதேவன் நாலந்தாவில் ஒரு விகாரம் கட்டினான். அவன் வேண்டுகோளை ஏற்று வங்கத்துப் பால மன்னன் தேவபாலன் ஐந்து ஊர்களை அதற்கு ஈந்தான். 1003ஆம் ஆண்டில் சூளாமணிவர்மனின் தூதர் சீனப் பேரரசன் அவைக்குச் சென்று, அப்பேரரசனின் நீண்ட வாழ்நாளை வேண்டித் தம் நாட்டில் ஒரு புத்தர் கோயில் கட்டப்பட்டிருப்பதாகவும், அதற்கு ஒரு பெயரும் மணிகளும் அருள வேண்டும் என்றும் கேட்டனர். பெயரும் மணியும் கிடைத்தன. 1079இல் குவாங்சௌ நகரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஸ்ரீவிஜயத் தலைவன் ஒருவன் அங்கே பழுதுற்றிருந்த தாவோ சமயக் கோயிலைப் புதுப்பிக்கப் பொருள் உதவியதைக் கூறுகிறது.

இவற்றை ஒருசேர நோக்கும்போது ஒரு முறைமை புலனாகும். எங்கெங்குத் தம் வணிகர் சென்று தங்கினரோ அங்கங்கே ஒரு வழிபாட்டிடம்; அதற்கு அந்நாட்டு அரசனின் ஆதரவு; அதன் வழியே இரு நாட்டாரிடையே நிலையான உறவு. பக்தியும் வணிகமும் அரசியலும் இம்முறைமையில் பிரிக்க முடியாதவாறு பின்னிக் கிடந்தன. அதனால் பக்தி பொய்யாகிவிடவில்லை. கடல்கடந்து வந்து மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருந்த கப்பலோட்டிகளுக்கும் வணிகர்க்கும் தாம் அறிந்த தெய்வத்தின் முன் நிற்க ஓரிடம் வேண்டியிருந்தது.

பிடி சூழ்ந்த நிலம்

விகாரத்தைக் கட்டியவன் கடாரத்து அரசன். அது வாழ நிலம் தந்தவன் சோழன் முதலாம் இராசராசன். தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06இல், பட்டினக் கூற்றத்து ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சூளாமணி விகாரத்துப் பள்ளிச்சந்தமாக அவன் அளித்தான். தஞ்சைப் பெருவுடையார் கோயில் எழுந்துகொண்டிருந்த காலம் அது. சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட வேந்தன், ஒரு கையால் சிவனுக்கு விண்ணுயர் விமானம் எடுத்துக்கொண்டே மறு கையால் புத்தன் பள்ளிக்கு ஊரை எழுதித் தந்தான்.

இந்த ஈகையின் ஆவணமே ஆனைமங்கலச் செப்பேடுகள். ஒரு வளையத்தில் கோத்துச் சோழ முத்திரை இட்ட 21 ஏடுகளில் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. டச்சுக் கம்பெனிக் காலத்தில் ஹாலந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே அறிஞருலகில் பெயர் பெற்றன.

செப்பேட்டின் தமிழ்ப்பகுதி ஓர் அரசாங்கம் இயங்கிய முறையை உள்ளவாறே காட்டுகிறது. அரசன் வாய்மொழியாக ஆணையிட, அதை ஓலை எழுதுவோன் எழுத, அதிகாரிகள் ஒப்ப, வரிப்புத்தகத்தில் ஏற்றப்பட, பின்னர் நாட்டார்க்குத் திருமுகம் போகிறது. நாட்டார் எதிரெழுந்து திருமுகத்தைத் தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கின்றனர். பிறகு பெண்யானை ஒன்றை நடத்தி, அது சென்ற வழியே எல்லையாகக் கல்லும் கள்ளியும் நாட்டுகின்றனர். பிடிசூழ்தல் என்பது இம்முறைக்குப் பெயர். யானையோடு சென்று எல்லை காட்டியவருள் அண்டை ஊர்களான பிரமதேயங்களின் சபையாரும் இருந்தனர். அந்தணர் ஊரார் எல்லை காட்ட, சைவ அரசன் ஈய, பௌத்தப் பள்ளி பெற்றுக்கொண்ட நிலம் அது. 97 வேலிக்கு மேற்பட்ட அந்நிலத்திலிருந்து அரசுக்கு வரவேண்டிய காணிக்கடன் 8,943 கலம் நெல்லுக்கும் சற்று மிகுதி. அத்தனை நெல்லும் இனிப் பள்ளிக்கு என்றாயிற்று.

வடமொழிப் பகுதியில் சோழர் குலமரபும் விகாரத்தின் புகழும் பாடப்பெறுகின்றன. மேருமலையையும் சிறுமைப்படுத்தும் உயரம் உடையது அவ்விகாரம் என்று அப்பகுதியின் புலவர் உயர்வு நவிற்சியாகப் புகழ்கிறார். தந்தை ஈந்ததை நிலையான ஆவணமாக்கி அளித்தவன் முதலாம் இராசேந்திரன் என்பதையும் அப்பகுதியே தெரிவிக்கிறது. ஆகவே கொடை தந்தையுடையது. அதைக் காத்த எழுத்து மகனுடையது. விகாரத்தின் கதையும் அவ்வாறே. பெயர் தந்தைக்கு உரியது. கட்டடம் மகன் செய்தது.

போரும் அறமும்

அம்மகன் காலத்திலேயே இரு நாட்டு நட்பு முறிந்தது. இராசேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஸ்ரீவிஜய அரசனின் அலுவலர் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கு அணிகலன்களும் விளக்கும் சீனத்துப் பொன்னும் வழங்கியதை அக்கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. சோழன் புத்தனுக்கு ஈந்தான். கடாரத்தான் சிவனுக்கு ஈந்தான். இவ்வளவு நெருங்கிய உறவு சில ஆண்டுகளுக்குள் மாறிற்று. 1025இல் சோழக் கடற்படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்னும் அந்நாட்டு அரசன் சிறைப்பட்டான். நட்பு எதனால் பகையாயிற்று என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. சீன வணிகத்தில் ஸ்ரீவிஜயம் இடையே நின்றதே காரணம் எனப் பலர் கருதுவர்.

இங்கே குறிக்கத்தக்கது ஒன்று உண்டு. பகை நாட்டு அரசன் பெயரால் நின்ற விகாரம் நாகப்பட்டினத்தில் நின்றபடியே இருந்தது. அதன் நிலம் பறிக்கப்படவில்லை. போருக்கு 65 ஆண்டுகளுக்குப் பின்னர், 1090இல், முதலாம் குலோத்துங்கன் தன் இருபதாம் ஆட்சியாண்டில் வெளியிட்ட சிறிய செப்பேடு இதற்குச் சான்று. மூன்றே ஏடுகள் கொண்ட அந்த ஆவணத்தின்படி, கிடாரத்து அரசனின் தூதர்கள் இராசவித்தியாதர ஸ்ரீசாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் வந்து வேண்ட, பள்ளிக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கி மன்னன் ஆணையிட்டான்.

அந்த ஆவணத்தில் பள்ளிகள் குறிக்கப்படும் பெயர்கள் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்பன. கடாரத்தை வென்றவன் பெயரையே கடாரத்தார் போற்றிய பள்ளி தாங்கியது. ஈகையின் மறுபக்கமும் அதே ஆவணத்தில் தெரிகிறது. ஊர்களில் முன்பு காணி உடையவராய் இருந்தோரை நீக்கி, அக்காணி உரிமையைப் பள்ளியின் சங்கத்தார்க்கே உரியதாக்கினான் மன்னன். பள்ளியில் சோறு வெந்தபோது, பழைய காணியாளர் சிலர் தம் உரிமையை இழந்து நின்றனர். அவர்கள் பெயரை எந்தச் செப்பேடும் போற்றவில்லை. அறத்தின் கணக்கில் அவர்களையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

தமிழுக்குக் கிடைத்தது

இவ்வரச ஆதரவின் நிழலில் தமிழும் பயன்பெற்றது. வீரராசேந்திரன் காலத்தில், அதாவது 1063க்கும் 1070க்கும் இடையில், பொன்பற்றி காவலர் புத்தமித்திரர் வீரசோழியம் என்னும் இலக்கணம் இயற்றினார். எழுதியவர் பௌத்தர்; நூலின் பெயரோ சைவச் சோழனுடையது. பெருந்தேவனார் அதற்கு வரைந்த உரையில் எடுத்துக்காட்டுகளாக வந்த பாடல்களால்தான், வேறு வகையில் மறைந்து போயிருக்கக்கூடிய பௌத்தத் தமிழ்ச் செய்யுட்கள் பல எஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலில் இத்தகைய சிதறல்களைத் திரட்டித் தந்தார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ சூளாமணி விகாரத்தின் பெயரைத் தமிழ் வாசகர் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது.

அரசர் போனபின்

சோழப் பேரரசு பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்தது, ஸ்ரீவிஜயமும் தேய்ந்தது. ஆயினும் நாகப்பட்டினத்துப் பௌத்தம் உடனே அழியவில்லை. சீன வணிகர் அதன் புதிய புரவலர் ஆயினர். 1349இல் தம் பயணக் குறிப்புகளை எழுதிய வாங் தாயுவான், செங்கல்லால் ஆன கோபுரம் ஒன்றையும், 1267ஆம் ஆண்டின் எட்டாம் மாதத்தில் அது முற்றுப்பெற்றது என்னும் சீன எழுத்துப் பொறிப்பையும் குறிப்பிடுகிறார். அக்கோபுரம் நாகப்பட்டினத்தில் நின்றதென அறிஞர் கொள்வர். 1476இல் பெகு நாட்டு மன்னன் தம்மசேதியால் இலங்கைக்கு அனுப்பப்பட்ட பர்மியத் துறவிகள் சிலர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, கால்நடையாக நாகப்பட்டினத்தை அடைந்தனர். பதரிகாராமம் என்னும் விகாரம் இருந்த இடத்தைக் கண்டு, சீன நாட்டு அரசன் ஆணையால் அமைந்த குகைக்கோயிலில் புத்தர் படிமத்தைத் தொழுதனர் என்று கல்யாணிக் கல்வெட்டு கூறுகிறது. விகாரம் இருந்த இடம் என்று அது குறிப்பதிலிருந்து, பழைய கட்டடங்களுள் சில அக்காலத்துக்குள் அழிந்துவிட்டன என்று கருதலாம்.

எளிய புரவலர்களின் சுவடு படிமங்களில் உள்ளது. 1856 முதல் 1930கள் வரை நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் 1954இல் நூல் வெளியிட்டார். இவற்றுள் பல சோழர்க்குப் பிற்பட்டவை. பதினாறாம் நூற்றாண்டு வரை கூட இவ்வரிசை நீள்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு படிமங்களும் அவற்றில் உண்டு. வேந்தர் எவரும் இல்லாத காலத்தில் சிறு பொருள் சேர்த்து யாரோ வார்ப்பித்தவை அவை. கடல் கடந்து நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு திருமேனியின் பீடத்தில் தமிழில் பொறித்திருக்கும் செய்தி நெஞ்சைத் தொடுவது. இராசேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியில் திருவிழாவுக்கு எழுந்தருளும் ஆழ்வார் என்று அது புத்தரைக் குறிக்கிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் தொழிலிடம். பொற்கொல்லர் பெயரால் ஒரு பள்ளி. அதில் புத்தருக்கு ஆழ்வார் என்று பெயர். அவருக்குத் தமிழ்க் கோயில்களைப் போலவே வீதியுலா. அயல்நாட்டரசன் கட்டிய பள்ளி அவ்வூரார் திருவிழாவாகவே மாறிவிட்டிருந்தது.

கோபுரம் வீழ்ந்தது

1658இல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1781இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. நகருக்கு வடக்கே ஒரு செங்கற் கோபுரம் தனித்து நின்றது. ஐரோப்பியர் அதைச் சீனக் கோபுரம் என்றனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். 1846இல் அதைக் கண்ட சர் வால்டர் எலியட், நாற்கோணமாய் மூன்று நிலைகளோடு சிதைந்து நின்ற அதன் தோற்றத்தைப் பின்னர் 1878இல் எழுதிய கட்டுரையில் பதிவு செய்தார். அக்காலத்தில் அக்கோபுரத்துக்கு எஞ்சியிருந்த பயன், துறையை நோக்கி வரும் கப்பல்களுக்கு அடையாளமாக நிற்பது ஒன்றே.

அவ்விடத்தின் அருகே இயேசு சபைத் துறவிகள் தம் கல்லூரியை நடத்தி வந்தனர். பாழடைந்த கோபுரத்தை இடித்துக்கொள்ள 1859இல் அவர்கள் அனுமதி வேண்டினர். அரசு அப்போது இணங்கவில்லை. மீண்டும் வேண்டியபோது, 1867இல் சென்னை அரசு அனுமதி தந்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. அக்கல்லூரியும் 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிச் சென்றது.

இடித்தவர் மீது மட்டும் பழி சுமத்துவது நேர்மையாகாது. கோபுரத்தை இடிக்க வேண்டும் என்ற விண்ணப்பம் அரசிடம் எட்டாண்டுகள் இருந்தது. அக்காலத்தில் அது எங்களுடையது என்று சொல்ல அவ்வூரிலோ தமிழகத்திலோ பௌத்த மக்கள் இல்லை. கோபுரத்தைச் சீனம் என்றும் சமணம் என்றும் மாறிமாறி அழைத்தவர்களுக்கு அதன் உண்மை வரலாறு தெரியவில்லை. அதை எடுத்துரைக்கக்கூடிய செப்பேடோ அப்போது கடலுக்கு அப்பால் கிடந்தது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதனை நன்கு பதிப்பித்து விளக்கியது 1930களில்தான். கட்டடமும் ஆவணமும் ஒன்றையொன்று காக்க முடியாதபடி பிரிந்து போயிருந்தன. மாற்றுச் சமயத்து மன்னர் காலத்திலும், இரு நாடுகள் பொருத போர்க்காலத்திலும் வாழ்ந்த ஒரு தலம், தன்னை அறிந்தவர் ஒருவரும் இல்லாத காலத்தில் வீழ்ந்தது.

தமிழகத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரு வழக்கு உண்டு. கொடை செய்தவர், பின்னாளில் இந்த அறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் இருப்பதாகும் என்று எழுதிவைப்பார். ஈந்தவன் பேரரசனே ஆயினும், காக்கப் போகிறவன் முன் அவன் தலை வணங்குகிறான். ஈதல் ஒரு நாளில் முடியும். காத்தல் தலைமுறைதோறும் புதிதாகத் தொடங்கவேண்டியது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சூளாமணி விகாரத்துக்கு அத்தகைய காவலர் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்தனர். பிறகு அத்தொடர்ச்சி அறுந்தது. கோபுரம் நின்ற இடத்தில் இன்று கோபுரம் இல்லை. செப்பேட்டின் சொற்களும், மண்ணுக்குள் யாரோ மறைத்துவைத்த படிமங்களும், ஆனைமங்கலம் என்னும் ஊர்ப்பெயரும் எஞ்சியுள்ளன. அவற்றை அறிந்து பிறர்க்குச் சொல்வோரே அவ்விகாரத்தின் இக்காலப் புரவலர்.